தேனியில் தேனீ இல்லை!

கம்பத்து மாமா திராட்சைக் கொடியைப் பிடுங்கிவிட்டு, அதே பந்தலில் சௌசௌ ஏற்றினார். முதலீடு, அத்தையின் ரெட்டை வடச் சங்கிலி.

"பந்தல் செலவு மிச்சம், விதைச் செலவும் மிச்சம் மாப்ளே!"

பி.காம். படித்த எனக்கே பொறாமை. நிஜம்தான் சார், சௌசௌவுக்கு விதைப் பாக்கெட் கிடையாது. காய்க்குள் ஒரே விதை. கொடியில் இருக்கும்போதே முளை விட்டுவிடும். முழுக் காயையே நடவேண்டியதுதான். மெக்ஸிகோ பக்கத்துச் சரக்கு, சோம்பேறிக்கென்றே படைத்தது!

ஆனால் வீம்பு ஜாஸ்தி. கொடைக்கானல் கீழ்மலை மாதிரி ஜிலுஜிலுப்பு கேட்கும். வெயில் ஏறினால் பிஞ்சு உதிரும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். பகல் பொழுது சுமார் 12 மணி நேரமாகச் சுருங்கினால்தான் பூவே எடுக்கும். ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று சைக்கிளையே பின்னுக்குத் தள்ளும். கொடி எம்மாத்திரம்?

அத்தனையும் தாண்டி ஐப்பசியில் பந்தல் முழுக்கப் பூ. காய் மட்டும் காணோம்.

"மருந்து அடிச்சீங்களா மாமா?"

"விடுவேனா? வாரம் ரெண்டு தடவை, விடிஞ்சதும் முதல் வேலை அதான்!"

போச்சு. ஒரே கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கிற புரோக்கர், தேனீ. காலையில்தான் டூட்டிக்கு வரும். மாமா பூச்சியோடு புரோக்கரையும் தீர்த்துக் கட்டியிருந்தார்!

இப்போது பந்தலோரம் இரண்டு தேனீப் பெட்டிகள். மருந்து, தேவைப்பட்டால் சாயங்காலம் மட்டும். காய் தொங்க ஆரம்பித்திருக்கிறது.

சங்கிலி இன்னும் பேங்கில்தான். அத்தை மாமாவுக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.