ஓட்டு அரக்கோணத்துக்கு, மனு திருவள்ளூருக்கு

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவருக்கு ஒரு குறை என்றால், திங்கட்கிழமை மனுவோடு திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறுவார். அதையே எம்.பி.யிடம் சொல்ல வேண்டுமானால்? திருவள்ளூர் எம்.பி. இவருக்கு எம்.பி. இல்லை. இவருடைய ஓட்டு அரக்கோணம் தொகுதியில். அரக்கோணம் இருப்பதோ ராணிப்பேட்டை மாவட்டத்தில்!

இந்தக் குழப்பம் நேற்று வந்ததல்ல. வட ஆற்காட்டோடு இருந்த திருத்தணி வட்டாரம் 1911-ல் புதிதாக உருவான சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து இதுவும் அந்தப் பக்கம் போய்விட்டது. 1952-ல் சென்னை சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள், 1955-ல் கர்னூலில் கூடிய ஆந்திர சட்டமன்றத்துக்குப் போட்டார்கள். யாரும் வீடு மாறவில்லை. தெருவும் மாறவில்லை.

ம.பொ.சி.யும் திருத்தணி விநாயகமும் நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் பலருக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி இங்கே வந்தபோது ஊர்கள் மட்டும் வரவில்லை. ஆந்திர சட்டமன்ற உறுப்பினர் ஒருவரும் கூடவே வந்தார். சென்னை சட்டமன்றத்தின் பலம் 205-லிருந்து 206 ஆனது. தேர்தலே இல்லாமல் மாநிலம் மாறிய எம்.எல்.ஏ.! கட்சி மாறுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்.

1977-லிருந்து அரக்கோணம் எம்.பி. தொகுதி இருக்கிறது. முதல் எம்.பி. ஓ.வி.அளகேசன். மாவட்டக் கணக்கு தனியாக ஓடியது. செங்கல்பட்டைப் பிரித்து 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் வந்தது. 2008 மறுவரையறையில் பள்ளிப்பட்டு சட்டமன்றத் தொகுதியே காணாமல் போய், ஆர்.கே.பேட்டை திருத்தணி தொகுதிக்குள் வந்தது. அதே மறுவரையறையில் திருவள்ளூர் எம்.பி. தொகுதி மீண்டும் பிறந்தது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஆவடி எல்லாம் அதில் உண்டு. திருத்தணி இல்லை.

காரணம் எளிய வகுத்தல். 234-ஐ 39-ஆல் வகுத்தால் ஆறு. ஒரு எம்.பி.க்கு ஆறு சட்டமன்றத் தொகுதி. எம்.எல்.ஏ. தொகுதியைப் பொதுவாக ஒரே மாவட்டத்துக்குள் அடக்குவார்கள். எம்.பி. தொகுதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2019-ல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்த பிறகு அரக்கோணம் தொகுதி மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது: திருத்தணி திருவள்ளூரில், காட்பாடி வேலூரில், மற்ற நான்கும் ராணிப்பேட்டையில். வேலூரை ஒட்டிய காட்பாடிக்கும் ஆந்திர எல்லையில் இருக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் ஒரே எம்.பி. தறிக்காரரின் பிரச்னை அவர் காதுக்கு எத்தனையாவதாகப் போய்ச் சேரும்?

எத்தனை எம்.பி. என்றுதான் டி.வி.யில் சண்டை நடக்கிறது. நம் ஊர் எந்தத் தொகுதியில் என்பதும் அதே மறுவரையறையில்தான் முடிவாகும். ஆணையம் முதலில் வரைவை வெளியிட்டு ஆட்சேபனை கேட்கும். எழுதிக் கொடுக்க வேண்டியது அப்போதுதான். இறுதி ஆணை கெசட்டில் வந்துவிட்டால் கோர்ட்டில்கூட அதை மாற்றுவது மிகவும் கஷ்டம்.