ஒரு புட்டி ஆற்று நீர்

வேதியியல் செய்முறை வகுப்பில் பியூரெட்டைப் பிடித்த நண்பர்களுக்கு ஓர் இரகசியம் தெரியும். மூன்றாம் முறை அளந்து பாராமலே, முன் இரண்டோடு ஒத்துப்போகும்படி ஓர் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் எழுதியிருக்கிறேன் (ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க!). அந்தக் குற்ற உணர்வோடுதான் வடதுருவப் பகுதி ஆறுகளில் புட்டி புட்டியாக நீர் எடுப்போரைப் பற்றி எழுத முற்படுகிறேன்.

உலகக் கடல் நீரில் நூற்றில் ஒரு பங்கே ஆர்க்டிக் பெருங்கடலில் உள்ளது. ஆனால் உலக ஆறுகளின் நீரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதில் போய் விழுகிறது. சைபீரியாவின் ஓப் ஆறு ஒன்றின் வடிநிலமே இந்தியாவின் பரப்பிற்குச் சற்றுத்தான் குறைவு. அதன் கழிமுகத்தருகே சலேகார்டில் மொண்ட ஒரு புட்டி நீர், அத்தனை பெரிய நிலத்தின் மண்ணும் சதுப்பும் உறைபனியும் என்ன நிலையில் உள்ளன என்பதற்குச் சாட்சி.

சோவியத் அரசு இவ்வாறுகளின் நீரைப் பல பத்தாண்டுகள் விடாது சோதித்துப் பதிந்து வைத்தது. அரிய பணி, ஐயமில்லை. ஆயினும் அப்பதிவுகளில் அம்மோனியத்தின் அளவு நம்ப முடியாதபடி மிகுந்திருந்தது. 2000 ஜூனில் அமெரிக்க, ரஷ்ய விஞ்ஞானிகள் ஓப், எனிசேய் ஆறுகளுக்கே சென்று அளந்து பார்த்தபோது, உண்மை அளவு அதைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. பல ஆண்டு உழைப்பு அந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை பயனற்றுப் போயிற்று! பிழை எங்கோ ஓர் ஆய்வுமேசையில் நேர்ந்திருக்கும். நம் மூன்றாம் அளவீடு நினைவுக்கு வரவில்லையா?

அதன்பின் 2003இல் ஓப், எனிசேய், லேனா, கொலிமா, மெக்கன்சி ஆகியவற்றோடு, பெரிங் கடலில் விழும் யூக்கானையும் சேர்த்து ஆறு ஆறுகளிலும் ஒரே முறையில் நீர் எடுக்கத் தொடங்கினார்கள். கோடையில் படகிலிருந்தும், குளிர்காலத்தில் தடித்த பனிப்பாளத்தைத் துளையிட்டும் எடுத்து, வடிகட்டி, உறையவைத்து அனுப்பினார்கள். முன்னாளில் வசதி கருதிப் பெரும்பாலும் கோடையிலேயே போய்வந்தார்கள். பனி உடைந்து வெள்ளம் பெருகும் மே, ஜூன் வாரங்களில் ஆற்றை நெருங்குவதே ஆபத்து. ஆனால் மக்கிய இலைதழைகளின் கரிமம் கரைந்து, நீர் தேநீர் நிறங்கொண்டு ஓடுவது அவ்வாரங்களில்தான். அதைத் தவறவிட்ட பழைய கணக்குகள் கரிமத்தைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தன.

செயற்கைக்கோள் இருக்கப் புட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செயற்கைக்கோள் நீரின் நிறத்தைக் கொண்டு கரிமத்தை ஓரளவு ஊகிக்கும். அந்த ஊகத்தைச் சரிபார்க்கவும் புட்டி நீரே வேண்டும். காரத்தன்மையோ கண்ணுக்கே தெரியாது. 1974 முதல் 2015 வரையிலான அளவீடுகளைக் கோத்துப் பார்த்தபோது, ஓப், எனிசேய் ஆறுகள் கடலுக்குச் சுமந்து செல்லும் காரத்தன்மை இரு மடங்கிற்கும் மேல் கூடியிருந்தது. காரத்தன்மை என்பது வேறொன்றுமில்லை. மெத்தில் ஆரஞ்சு இரு துளி விட்டு நாமும் அமிலத்தால் தரம் பார்க்கிறோமே, அதுதான்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது பெரும் படையெடுப்பைத் தொடங்கிய பின், ரஷ்யாவுடனான ஆய்வுக் கூட்டுறவை மேலைநாடுகள் பெரும்பாலும் முறித்துக்கொண்டன. ஆறு ஆறுகளில் நான்கு ரஷ்யாவில் உள்ளன. வீடிழந்து நிற்கும் மக்களின் துயருக்கு முன் புட்டி நீர் பெரிதா என்று ஒருவர் கேட்டால், பெரிதில்லை என்றே சொல்வேன். படையெடுத்த அரசோடு கைகுலுக்க மறுப்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் இம்மறுப்பால் அவ்வரசு எதையும் இழந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இழப்பவர்கள் இனி அந்த வரிசையைப் படிக்க வேண்டியவர்கள். போர் நின்றபின் இடிந்த பாலத்தைக் கட்டலாம். ஓடிப்போன ஒரு வெள்ளத்தை அளக்க முடியாது. விட்டுப்போன ஆண்டுக்கு முன்னும் பின்னும் பார்த்து எண்ணை நிரப்புவதும் நம் குறிப்பேட்டு வித்தைதான்.

ஆகவே அரசுகள் கைகுலுக்காமலே இருக்கட்டும். மே இறுதியை ஒட்டிப் பனி உடையும்போது அந்தந்த ஊர்க்காரர் படகேறி நீரெடுத்து, வடிகட்டி, உறையவைத்துக் காக்கட்டும். அதை எந்த நாட்டு ஆய்வகத்தில் சோதிப்பது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.