பேர் வைப்போம், விலாசம் வேண்டாம்!



தமிழ்நாட்டின் மாநில மலர் எது என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட "செங்காந்தள்" என்று சொல்லிவிடும். அதையே பாட்டிமார் கார்த்திகைப்பூ என்பார்கள், கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார். பூவுக்குப் பேர் வைப்பதில் நாம ஒண்ணும் சோம்பேறிகள் இல்லை.

ஆனால் நம்ம தாமிரபரணி பிறக்கிற அகத்தியமலைப் பகுதியில் மட்டும், உலகத்தில் வேறெங்கும் இல்லாமல், ஒரு பூ பூக்குது. அதன் பேர் பாபியோபெடிலம் ட்ரூரியை. வாயில நுழையுதா?

இது ஒரு ஆர்க்கிட். ஆனால் மரத்தில் தொற்றாமல் மலை உச்சிப் பக்கம் பாறை இடுக்கிலும் புல்லுக்கு நடுவிலும் தரையிலேயே வளரும். மஞ்சள் பூ. இதழ் நடுவே கரும்பழுப்புக் கோடு. கீழிதழ் மட்டும் செருப்பின் முன்பக்கம் மாதிரி குழிந்திருக்கும். அதற்குள் விழுந்த பூச்சி வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கச் சந்து வழியாக நெருக்கியடித்து வெளியேறும்போது மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இதன் சொந்தக்காரப் பூக்களைப் பார்க்கணும்னா வடகிழக்கு இந்தியாவுக்குத்தான் போகணும். தென்னிந்தியாவில் இந்தக் குடும்பத்துக்கு இது ஒண்ணே ஒண்ணு!

பேரில் முதல் பாதி கிரேக்க மொழி. பாபோஸ் ஊர் தேவதையின் செருப்பு என்று அர்த்தம். மறுபாதி, திருவிதாங்கூரில் இருந்த கர்னல் ஹீபர் ட்ரூரியின் பேர். 1874-ல் பெட்டோம் என்ற வன அதிகாரி வைத்தது. 1892-ல் முதல் பாதியை மாற்றினார்கள், கர்னல் அப்படியே இருக்கார். ட்ரூரி மேல எனக்குக் கோபம் இல்லை. அவரும் இந்தியச் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்தான். அறிவியல் பேர் விதிப்படி அது இனி மாறவும் மாறாது. ஊர்ப் பேர் வைக்க நம்மை யார் தடுத்தது?

"பேர் வச்சா பூ பொழச்சிருமாலே?" என்று சிலர் சிரிக்கலாம். கதையைக் கேளுங்க. நெடுங்காலம் காட்டில் கண்ணில் படாமல் இருந்த இந்தச் செடியை 1970-களின் தொடக்கத்தில் மறுபடி கண்டுபிடித்தார்கள். செய்தி பரவியதும் ஆர்க்கிட் பிரியர்களுக்கு விற்க வேரோடு பிடுங்கினார்கள். மிச்சத்துக்குக் காட்டுத்தீ. இன்று உலகச் சிவப்புப் பட்டியலில் இது 'மிக ஆபத்தான நிலை' என்ற படியில் இருக்கிறது. அடுத்த படி, காட்டில் இல்லை என்பதுதான். வனவிலங்குச் சட்டத்தில் 1991-ல் முதல்முறையாகச் செடிகளைச் சேர்த்தபோது பட்டியலில் ஆறே பேர். அதில் இந்தச் செருப்புப்பூ இனமும் ஒன்று. பன்னாட்டு வியாபாரத்துக்கும் தடை உண்டு. கேரளத்தில் பாலோடு தாவர ஆராய்ச்சி நிலையம் ஆய்வுக்கூடத்தில் நாற்று வளர்த்துக் காட்டில் நட்டது. தூசி மாதிரி விதை, அதில் உணவே கிடையாது, முளைக்க ஒரு பூஞ்சை துணை வேணும். சும்மா தூவினால் வராது.

ஆக, இந்தப் பூவை நல்லாத் தெரிஞ்சு வச்சிருந்தது வாங்குகிறவன். அடிவாரத்தில் இருக்கிற நமக்குத் தெரியலை. பூ இல்லாத காலத்தில் மலையிலிருந்து ஒருத்தன் பையில் இதைக் கொண்டு இறங்கினால், பேர் தெரியாதவன் கண்ணுக்கு அது ஏதோ ஒரு பச்சை இலை. சட்டம் புத்தகத்தில் இருக்கும், செடி பஸ் ஏறிவிடும்.

என் வகுப்புத் தோழன் 'அகத்தியர் செருப்பு' என்றான். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சாமி பேர் வைத்தால் பூஜைக்குப் பறிக்க ஆள் கிளம்பிடும். அதனால் என் ஓட்டு 'பொதிகைப் பாதக்குறடு'. (கொல்லர் பட்டறைக் குறடு இல்லைப்பா, சாமியார் காலில் போடுகிற கட்டைக் குறடு.) என்றாலும் முதலில் கேட்க வேண்டியது காணிக்கார மக்களைத்தான். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை 1987-ல் விஞ்ஞானிகளுக்குக் காட்டியவர்கள் இதே மலையின் கேரளப் பக்கத்துக் காணிகள். அவர்களிடம் ஒரு பேர் இருந்தால் அதுவே போதும், என் குறட்டை நானே கழற்றி வைத்துவிடுகிறேன்.

ஒரே ஒரு கண்டிப்பு. எந்தப் பாறை, எந்தச் சரிவு என்று யாருக்காவது தெரிந்தாலும் இங்கே எழுதக் கூடாது, படமும் வரையக் கூடாது. போட்டோ எடுத்தாலும் இடத்தைச் சொல்லாதீங்க.

கீழே வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கு, பென்சில் நூலில் தொங்குது. ஆளுக்கு ஒரு பேர், கூடவே ஒரு வரியில் காரணம். வெள்ளிக்கிழமை தாவரவியல் ஆசிரியர் பார்ப்பார்.

— 11-ஆம் வகுப்பு, உயிரியல் பிரிவு