அரிய அந்துப்பூச்சிகளும் பொதுமக்களின் பதிவேடும்

யால தேசிய பூங்காவில் 2024 மே மாதம் நூற்றுக்கணக்கான பூச்சிகளுடன் பிடிபட்ட இரு இத்தாலியர்களுக்கு, 2024 செப்டெம்பரில் 6 கோடி ரூபா அபராதம் விதிக்கப்பட்டது. கைப்பற்றப்பட்டவை 92 இனங்களைச் சேர்ந்தவை. யானைத் தந்தத்துக்கு மட்டுமன்றிப் பூச்சிகளுக்கும் கள்ளச் சந்தை உண்டு என்பதை இவ்வழக்கு உணர்த்தியது.

களவுபோவதைத் தடுக்க வேண்டுமாயின், இருப்பது எதுவென்று முதலில் அறிந்திருக்க வேண்டும். பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகள் விடயத்தில் இது எளிதன்று. அந்துப்பூச்சி இரவில் விளக்கை நாடி வருவது என்றே எண்ணுகிறோம். பகலில் காண்பதை வண்ணத்துப்பூச்சி என்றோ தேனீ என்றோ கருதிக் கடந்துவிடுகிறோம். கோப்பிச் செடியை உண்டு வளரும் ஓர் இனம், முதற் பறப்பிலேயே சிறகுச் செதில்களை உதிர்த்து, கண்ணாடிச் சிறகுகளுடன் வண்டைப் போலத் திரிகிறது. ஆகவே ஓரினம் உண்மையிலேயே அருகிவிட்டதா, எவரும் குறித்துவைக்காததால் அரிதாகத் தோன்றுகிறதா என்ற ஐயம் எழுகிறது.

இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிப் பிரடெரிக் மூர் எழுதிய மூன்று தொகுதிகள் 1880 முதல் 1887 வரை வெளிவந்தன. அன்று அது ஒரு சில அறிஞர்களின் பணி. இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் படம், திகதி, இடம் ஆகியவற்றை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதியலாம். 2012 முதல் ஆண்டுதோறும் ஜூலையில் உலக நாடுகள் பலவற்றில் அந்துப்பூச்சி வாரமும் அனுட்டிக்கப்படுகிறது.

எனினும், பாதுகாக்க எழுதும் பதிவே திருடனுக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாது. அத்தளம் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் சரியான இடத்தை மறைத்துவிடுகிறது. ஆனால் ஓரினம் அப்பட்டியலில் இடம்பெறுவதற்கே பதிவுகள் தேவை. அதுவரை இடத்தை மறைக்கும் பொறுப்பு பதிபவரையே சாரும். முகநூலில் இடப்பெயருடன் படமிடுவது முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும்.

கொழும்பு 2018 இல் ராம்சர் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அப்பெருமை ஈரநிலப் பூங்காக்களுடன் முடிந்துவிடுவதன்று. வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையும் கொட்டாஞ்சேனை வீட்டுப் பூஞ்சாடிகளும் பார்க்கப்பட வேண்டிய இடங்களே. அங்கு வாழும் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் பூச்சிகளைப் பிடிக்காமல் படமெடுத்துப் பதியப் பாடசாலைகள் பழக்க வேண்டும். அதற்கு உதவும் எளிய தமிழ்க் கையேட்டை வனஜீவராசிகள் திணைக்களம் வழங்க வேண்டும். நாட்டின் இயற்கைச் செல்வத்தைக் கணக்கெடுக்கும் பணியில் எந்தச் சமூகமும் வெறும் பார்வையாளராக இருத்தல் தகாது.