திண்ணையில் உட்காரட்டும்; கூடத்துக்குள் வேண்டாம்!



பக்கத்து வீட்டில் வைஃபை பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்கலாமா, கூடாதா? எங்கள் வீட்டில் இதை வைத்து ஒரு வாரம் பட்டிமன்றமே நடந்தது. "குடிக்கத் தண்ணி கேட்டா இல்லேன்னா சொல்லுவோம்?" இது தாத்தா கட்சி. "பேங்க் பேப்பர் எல்லாம் கம்ப்யூட்டர்லதானே இருக்கு!" இது அப்பா கட்சி. இரண்டு பேர் சொல்வதும் சரி என்பது என் கட்சி. எப்படின்னு சொல்றேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் நமக்குக் கேட்பது போல, நம் வைஃபை அலையும் அவர்கள் வீட்டுக்குப் போகும். 2005-ல் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. யார் வீட்டிலும் வைஃபை வைக்கலாம் என்றானது. சுதந்திரம் வந்தால் பொறுப்பும் வரணும் இல்லையா?

எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் ஃபயர்வால் ரூட்டர். அதில் பிஎஃப்சென்ஸ் என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. ஒரு நெட்வொர்க் கார்டு மோடத்துக்கு, இன்னொன்று வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு. வெளியிலிருந்து அழைக்காமல் வருவதை அது வாசலிலேயே நிறுத்திவிடும். மூன்றாவதாக ஒரு வயர்லெஸ் கார்டு போட்டோம். இங்கே ஒரு விஷயம்: எல்லா கார்டும் இதற்கு உதவாது. சில கார்டுக்கு வைஃபையை வாங்கத்தான் தெரியும், கொடுக்கத் தெரியாது. 'ஆக்சஸ் பாயிண்ட்' ஆக வேலை செய்யுமா என்று பார்த்துத்தான் வாங்கணும்.

கார்டைப் போட்டதும் சுலபமான வழி ஒன்று உண்டு. 'பிரிட்ஜ்' போட்டு, வயர்லெஸ்ஸையும் வீட்டு நெட்வொர்க்கையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். வேண்டவே வேண்டாம் என்பேன். நம் திருச்சி மெயின்கார்டு கேட்டைப் பாருங்கள். வாசல் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து ரொம்ப காலம் ஆச்சு. இப்போது அந்த வாசல் யாரைத் தடுக்கும்? பிரிட்ஜ் போட்ட ஃபயர்வாலும் அப்படித்தான். பாஸ்வேர்டு வாங்கினவர் வாசலுக்கே வராமல், நேரே வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பக்கம் போய்விடலாம்.

அதனால் வயர்லெஸ்ஸுக்குத் தனி எல்லை கொடுத்தோம். வீட்டுக்கு 192.168.1 என்றால் வைஃபைக்கு 192.168.2. பிறகு இரண்டு விதிகள். முதல் விதி: வைஃபையிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குப் போகத் தடை. இரண்டாவது: மற்ற எல்லா இடத்துக்கும் அனுமதி. வரிசை மாறக்கூடாது. ஃபயர்வால் மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். அனுமதியை மேலே எழுதினால், கீழே உள்ள தடையைப் படிக்கவே படிக்காது!

நம் பழைய வீடுகளில் இருந்த திண்ணையும் இதே ஏற்பாடுதான். வழிப்போக்கர் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம். கூடத்துக்குள் வர வீட்டார் கூப்பிட வேண்டும். அதற்காக நம் முன்னோரை யாரும் கஞ்சர் என்று சொல்லவில்லையே!

ஆனால் திண்ணை மட்டும் போதாது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஒரு மிரட்டல் இ-மெயில் வந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் விசாரணையைச் சந்தித்தவர் அவர். நம் இணைப்பில் யார் தப்பு செய்தாலும் முதலில் தட்டப்படுவது நம் வீட்டுக் கதவுதான். எனவே முகம் தெரிந்தவருக்கு மட்டும் கொடுப்போம். பூட்டும் நல்லதாக இருக்கட்டும். பழைய டபிள்யூஇபி பூட்டை உடைக்கும் வழி 2001-லேயே வெளிவந்துவிட்டது. டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 போடுங்கள். செல்போன் எண்ணைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள்.

"எங்க வீட்ல பழைய கம்ப்யூட்டர் இல்லையே" என்கிறீர்களா? கவலை வேண்டாம். கடையில் வாங்குகிற பல ரூட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒரு வசதி உண்டு. அதுவும் திண்ணைதான். இன்று சாயங்காலம் வீட்டில் பெரியவர்களைக் கேட்டு அதைத் திறந்து பாருங்கள். கொடுக்கிற மனசும் வேண்டும், தாழ்ப்பாள் போடுகிற புத்தியும் வேண்டும். என்ன, செய்வீர்களா நண்பர்களே?

– 11-ஆம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு