முகம் தெரிகிறது, குரல் கேட்கவில்லை: தனித் தொகுதி உறுப்பினர்களும் மக்கள் தொடர்பு அரசியலும்

ஒரு சட்டமன்ற உறுப்பினர் என்ன செய்கிறார் என்பதை அவருடைய தொகுதி மக்கள் எவற்றின் வழியே அறிகிறார்கள்? பேருந்து நிறுத்தத்தில் கட்டப்பட்ட பதாகை, திருமண மண்டப வாயிலில் நிற்கும் வாழ்த்துத் தட்டி, நலத்திட்ட உதவி வழங்கும் ஒளிப்படம், கைப்பேசியில் வந்து விழும் அரை நிமிடக் காணொளி ஆகியவற்றின் வழியேதான். இவை எல்லாவற்றிலும் அவருடைய முகம் உண்டு. கட்சித் தலைவரின் பெரிய முகத்துக்குக் கீழே சிறியதாக உண்டு. மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் என்ன பேசினார், எந்த வினாவை எழுப்பினார், அமைச்சர் அதற்கு என்ன விடையளித்தார் என்பவை இவற்றில் இடம்பெறுவதில்லை.

இக்குறை எல்லாத் தொகுதிகளுக்கும் பொதுவானதுதான். எனினும் தனித் தொகுதிகளில் இதன் விளைவு கடுமையானது. தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. மக்களவையின் 543 இடங்களில் இவ்வெண்ணிக்கை முறையே 84, 47. நூற்றாண்டுகளாகச் சபை மறுக்கப்பட்ட மக்களின் குரல் சபையில் ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த இடங்கள் உருவாயின. அந்த இடத்தில் அமர்ந்திருப்பவரின் பேச்சை வடிவமைப்பதும் பரப்புவதும் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வி, இட ஒதுக்கீட்டின் பயனைப் பற்றிய கேள்வியே ஆகும்.

குரல் முதலில், இருக்கை பிறகு

நம் முன்னோடிகள் சபைக்குள் நுழைவதற்கு முன்பே தமக்கென அச்சுக்கூடத்தையும் இதழையும் தேடிக்கொண்டார்கள். இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது 1893இல்; சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் அமர்ந்தது அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நியமிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1920இல், ‘மூக்நாயக்’ வெளிவந்துவிட்டது.

ஆகவே அவர்கள் சபையில் பேசியபோது, அந்தப் பேச்சுக்கு வெளியே ஒரு வாசகத் திரள் காத்திருந்தது. 1922இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த ஆதிதிராவிடர் பெயர்த் தீர்மானமும், பொதுச்சாலைகளையும் கிணறுகளையும் அனைவரும் பயன்படுத்தும் உரிமை குறித்து 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் இத்தகைய பின்புலத்தில் எழுந்தவை. எதைப் பேசுவது என்பதை அவர்கள் எந்தத் தலைமை அலுவலகத்திடமும் கேட்டுப் பெறவில்லை.

1932இன் பூனா ஒப்பந்தம் இந்த நிலையை மாற்றியது. மாகாணச் சட்டமன்றங்களில் மொத்தம் 148 இடங்கள் கிடைத்தன. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. ஆனால் கூட்டு வாக்காளர் தொகுதி என்பதால், தலித் வேட்பாளரின் வெற்றி தலித் அல்லாதோரின் வாக்குகளையும், அந்த வாக்குகளைத் திரட்டும் கட்சியையும் சார்ந்ததாயிற்று. இதன் பொருள் என்ன என்பது 1938இல் வெளிப்பட்டது. கோயில் நுழைவுக்கான மசோதாவை எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தபோது, பிரதமர் இராஜாஜியின் அரசு அதை ஏற்கவில்லை. காங்கிரசின் தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர்களில் பெரும்பாலோர் கட்சியோடு நின்றனர், மசோதா தோற்றது. ஒதுக்கப்பட்ட இடங்களில் வென்றவர்கள் கட்சியின் கட்டுப்பாட்டுக்குள் வாய் கட்டப்பட்டிருந்ததை அம்பேத்கர் 1940களில் எழுதிய நூல்களில் விரிவாகச் சுட்டிக்காட்டினார்.

கொறடாவின் எல்லை எது?

இன்று இதற்குச் சொல்லப்படும் ஆயத்த விடை, கட்சித் தாவல் தடைச் சட்டம். 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை உறுப்பினரைக் கட்டிப்போட்டுவிட்டது என்கிறார்கள். இது பாதி உண்மை. கொறடாவின் கட்டளை வாக்கெடுப்பைப் பற்றியது. அவையில் வினா எழுப்புவது, கவன ஈர்ப்புக் கொண்டுவருவது, துறையின் செலவுக் கணக்கைக் கேட்பது ஆகியவற்றுக்காக மட்டுமே எவரும் பதவி இழப்பதில்லை. அவையில் பேசிய பேச்சுக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்படாத காப்பை அரசமைப்பின் 194ஆம் பிரிவு சட்டமன்ற உறுப்பினருக்கு அளிக்கிறது.

சட்டம் விட்டுவைத்த இந்தச் சுதந்திரத்தைத்தான் இன்றைய மக்கள் தொடர்பு முறை பறிக்கிறது. கட்சிகளின் தகவல் தொழில்நுட்ப அணிகளும் தேர்தல் வியூக நிறுவனங்களும் ஒரே செய்தியை எல்லாத் தொகுதிகளுக்கும் வகுத்துக் கொடுக்கின்றன. 2021 தேர்தலில் தி.மு.க.வுக்கு ஐ-பேக் நிறுவனம் பணியாற்றியது யாவரும் அறிந்தது; பிற பெரிய கட்சிகளும் இவ்வழியைப் பின்பற்றத் தயங்குவதில்லை. அத்தகைய ஏற்பாட்டில் உறுப்பினரின் கணக்கு, தலைமையின் செய்தியை விநியோகிக்கும் ஒரு கிளையாகிறது. எந்தச் சேரியில் சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டது என்பது அந்தச் செய்தித் திட்டத்தில் பொருந்தாது.

அரசுத் தரப்பிலும் உதவி இல்லை. மாவட்டந்தோறும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் உண்டு; அவர் பணி அமைச்சரையும் ஆட்சியரையும் சார்ந்தது. அவர் வெளியிடும் செய்திக்குறிப்பில் சட்டமன்ற உறுப்பினர் கடைசிப் பத்தியில், ‘கலந்துகொண்டனர்’ என்ற பட்டியலில் வருவார். தமக்கென ஓர் ஆய்வு உதவியாளரையும் தொடர்பு அலுவலரையும் அமர்த்திக்கொள்ள வேண்டுமானால், சொந்தப் பணமோ கட்சியின் தயவோ வேண்டும். நிலமும் தொழிலும் உள்ள உறுப்பினர் சொந்தச் செலவில் குழு வைத்துக்கொள்கிறார். முதல் தலைமுறைப் பட்டதாரியாகத் தனித் தொகுதியில் வென்றவர் கட்சியை நம்பி நிற்கிறார். எல்லா உறுப்பினர்களுக்கும் சமமானதாகத் தோன்றும் அவையில் சாதியும் சொத்தும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

குரலின்மைக்கு மக்கள் தரும் விலை

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றஞ்சாட்டி சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதையொட்டி ஒலிப்பதிவுகளும் படங்களும் ஊடகங்களில் பரவின. காவல்துறையின் கதை சில மணி நேரத்தில் மாநிலம் முழுவதும் சென்றது. அதை ஏற்காத ஊர் மக்களின் வாதம் அதே வேகத்தில் செல்ல எந்த அலுவலகமும் இருக்கவில்லை. போராடிப் போராடியே அவர்கள் தம் சொல்லைக் கேட்கவைக்க வேண்டியிருந்தது.

மற்றொன்று நிதி. ஆதிதிராவிடர் துணைத் திட்ட நிதியின் ஒரு பகுதி மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தின் கணக்கில் காட்டப்படுவது குறித்து 2023இல் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. அத்திட்டத்தை வாழ்த்தும் பதாகைகள் தனித் தொகுதிகளிலும் நிறைந்திருந்தன. பெண்களுக்கு உரிமைத் தொகை வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் பதாகையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதே வேதனை. 2024இல் துணைத் திட்டத்துக்கெனத் தனிச் சட்டம் வந்துவிட்டது. அச்சட்டம் உயிர் பெறுவது, ஆண்டுதோறும் அவையில் கணக்குக் கேட்கும் உறுப்பினர்களால்தான்.

எத்தகைய உதவி வேண்டும்?

‘அப்படியானால் உறுப்பினர்களின் விளம்பரத்துக்கு மக்கள் வரிப்பணமா?’ என்ற எதிர்ப்பு நியாயமானது. பிரிட்டனில் 2007இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தொடர்புப் படி வழங்கப்பட்டது. பதவியில் இருப்பவர் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்ளவே அது பயன்படுகிறது என்ற கண்டனம் எழுந்து, 2010இல் கைவிடப்பட்டது. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை வேறு வழியைக் கையாள்கிறது. ஒவ்வொரு உறுப்பினரும் பொதுச் செலவில் 18 நிரந்தரப் பணியாளர்கள் வரை அமர்த்தலாம். ஆனால் பொதுப்பணத்தில் வெளியிடும் மடல்களின் உள்ளடக்கத்துக்கு விதிகள் உண்டு, தேர்தலுக்கு முந்தைய நாட்களில் மொத்த மடல்களுக்குத் தடையும் உண்டு. உதவியையும் விளம்பரத்தையும் பிரிப்பது இயலும் என்பதற்கு இது சான்று.

இந்தியாவிலும் சிறிய முன்மாதிரி ஒன்று உள்ளது. பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு நிறுவனத்தின் ‘லாம்ப்’ திட்டம் 2010 முதல் இளம் பட்டதாரிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஆய்வு உதவியாளர்களாக அளித்துவருகிறது. இதுபோன்றதொரு ஏற்பாட்டைச் சட்டமன்றச் செயலகமே தமிழில் நடத்த வேண்டும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் ஆய்வு உதவியாளரும் ஒரு தொடர்பு உதவியாளரும் பொதுச் செலவில் வேண்டும். அப்பணிகளிலும் இட ஒதுக்கீடு வேண்டும். அவர்கள் வெளியிடும் எதிலும் கட்சிச் சின்னமோ தலைவர் படமோ இருக்கலாகாது. உறுப்பினர் எழுப்பிய வினா, பெற்ற விடை, தொகுதி மேம்பாட்டு நிதியின் செலவு, வன்கொடுமை நிகழ்ந்த இடத்துக்கு அவர் சென்ற நாள், பெற்ற மனுக்களின் நிலை ஆகியவை மட்டும் இடம்பெற வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 வினாக்களும் குறியிடாத 230 வினாக்களும் பட்டியலிடப்படுகின்றன. விடைகள் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழகச் சட்டமன்றத்தின் வினா நேரம் 2022 ஜனவரியில் முதன்முதலாக நேரடியாக ஒளிபரப்பானது. கல்லூரி மாணவர்கள் ஐவர் சேர்ந்தால், தம் தனித் தொகுதி உறுப்பினரின் அவைப் பணியை ஒரு பக்க அறிக்கையாகத் தொகுத்துச் சேரியின் படிப்பகத்தில் ஒட்ட முடியும். உறுப்பினர் நன்றாகப் பேசியிருந்தால் அது அவருக்குத் துணையாகும். கட்சித் தலைமையிடம் ‘என் மக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று சொல்லும் வலிமையை அவருக்குத் தரும். பேசாதிருந்தால், அடுத்த முறை அவர் வாக்குக் கேட்டு வரும்போது அந்தத் தாள் சுவரில் இருக்கும்.