லேபிளும் மருந்தும்

போன கிறிஸ்துமஸுக்கு ஆனைக்குட்டம் போயிருந்தேன். அர்ச்சுனா நதியில் அணைக்கட்டு இருக்கிற ஊர். யானை கிடையாது. சித்தப்பா இருக்கிறார். பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். வீட்டில் நீதிபதி, போலீஸ், பாதிரியார் எல்லாம் அவரே.

நான் நுழைந்தபோது வீட்டில் யுத்தம். தம்பி மொபைலில் பேய்களைச் சுட்டுக் கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. நான் சுடுறது பேயைத்தானே? அதுவும் ஒரு ஊழியந்தானே?"

சித்தப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்ததையும் அவர் ரசிக்கவில்லை.

அசல் சண்டை அதுவல்ல என்று சித்தி காதைக் கடித்தாள். முந்தின நாள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், சித்தப்பா பாடிய கீர்த்தனைக்குத் தம்பி கீபோர்டில் டிரம்ஸ் பீட் போட்டிருக்கிறான். "குத்துப்பாட்டு போடுற இடமாடா இது?" என்று அவர் பிளக்கைப் பிடுங்க, "இனிமே கூட்டத்துக்கே வரமாட்டேன்" என்று இவன் எழுந்து போய்விட்டான்.

"நீ படிச்சவன். நாலு வார்த்தை சொல்லுய்யா" என்றாள் சித்தி.

நான் படித்தது பி.காம். இருந்தாலும் ஆரம்பித்தேன்.

முதலில் தம்பிக்கு. அமெரிக்காவில் விஸ்டம் ட்ரீ என்று ஒரு கம்பெனி. 1991-ல் 'பைபிள் அட்வென்ச்சர்ஸ்' என்று வீடியோ கேம் போட்டார்கள். அதில் குழந்தை மோசேயை அம்மா தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வேண்டுமானால் குழந்தையைத் தூக்கி எறியவும் செய்யலாம்! 1994-ல் நோவாவின் பேழையை வைத்து இன்னொன்று. நாஜிகளைச் சுட்டுத் தள்ளும் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' என்ற கேம் இருக்கிறதே, அதே இன்ஜின். துப்பாக்கிக்குப் பதில் உண்டிவில். குண்டுக்குப் பதில் தீனி. ஆடு பாய்ந்து வரும், தீனியை அடித்தால் தூங்கிவிடும். அவ்வளவுதான் விசுவாசம்!

"இது நம்மூர் யாவாரம்ல..." என்றார் சித்தப்பா, முதல் தடவையாக ஆர்வம் வந்து. "உள்ளே அதே வெடி. லேபிள்ல மட்டும் படத்தை மாத்துறது."

இதுதான் சமயம் என்று சாஸ்திரியாரை இழுத்தேன்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). பாளையங்கோட்டையில் பிறந்து, ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். அந்தக் காலத்தில் குறவஞ்சி என்றால் குறத்தி, குறி, காதல், ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு. குற்றாலநாதர் மேல் பாடிய குற்றாலக் குறவஞ்சி உங்களுக்குத் தெரியும். அந்த உருவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். சிங்கன், சிங்கி எல்லாம் அதிலும் உண்டு. சங்கீதம் நம்ம ராகம், நம்ம தாளம். பின்னால் வந்த வெள்ளைக்காரப் பாதிரிமார் சிலருக்கு இந்தக் கச்சேரி பிடிக்கவில்லை. சாஸ்திரியாருக்கும் அவர்களுக்கும் பெரிய தகராறு. ஆனால் அவர் லேபிளை மாற்றவில்லை, சித்தப்பா. உள்ளே மருந்தையே புதிதாக இடித்தார். அதனால்தான் இன்றைக்கும் பாடுகிறோம்.

"நீங்க உயிரா நினைக்கிற கீர்த்தனை, ஒரு காலத்துல யாரோ பிளக்கைப் பிடுங்கப் பார்த்ததுதான்" என்று முடித்தேன். நல்ல பஞ்ச் என்று எனக்கே தோன்றியது.

சித்தப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"நீ சொல்றதெல்லாம் சரிய்யா. முப்பது வருசமா காலைல அந்தப் பாட்டைப் பாடிட்டுத்தான் ஆலைக்குப் போறேன். பாடாமப் போன நாள் கிடையாது. சாயங்காலம் முழுசாத் திரும்பி வந்துக்கிட்டிருக்கேன். அதுல போயி கையை வச்சா..."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்கும் பேச ஒன்றும் இல்லை. சாஸ்திரியார், அமெரிக்கக் கம்பெனி எல்லாம் எங்கோ போய்விட்டார்கள். பட்டாசு ஊரில் 'முழுசா' என்ற வார்த்தைக்கு என்ன எடை என்று பி.காமில் சொல்லித்தரவில்லை.

தம்பி மொபைலைக் கவிழ்த்து வைத்தான். "இதை எங்கிட்ட எப்பவாச்சும் சொன்னீங்களாப்பா?"

"கேட்டியாடா நீ?"

பண்டிகை முடிந்து ஆலை திறந்த அன்று, விடிகாலையில் ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன். சித்தப்பா பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தம்பி தரையில் உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கீபோர்டில் மெல்லச் சுருதி கொடுத்துக் கொண்டிருந்தான். டிரம்ஸ் பட்டன் பக்கம் விரலே போகவில்லை.

மூன்றாவது சரணத்தில் பார்க்கிறேன்... சித்தப்பாவே தொடையில் தாளம் போடுகிறார்!

தம்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். சாப்பாட்டு டப்பாவோடு சித்தப்பா கிளம்பினார். அன்று சாயங்காலம் அவர் சைக்கிள் மணி கேட்கிறவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது சித்தி மட்டும் இல்லை.